அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்ததா?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தவை அடுத்துள்ள மீரியபெத்த தோட்டப் பிரிவின் மீது மலை சரிந்தது. லயன்கள் வரிசையோடு மண்ணுள் புதைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் சேறு மட்டுமே இருந்தது. அடுத்து வந்த நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு விளக்கம் வெளியாயிற்று. அவ்விடம் ஆபத்தானது, அங்குள்ளோரை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அறிவித்திருந்தது என்பதே அது. மக்களிடம் கேட்டபோது, எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றனர் சிலர். சொன்னார்கள், ஆனால் போவதற்கு இடம் தரவில்லை என்றனர் வேறு சிலர்.

இந்த இரு தரப்பில் யாரும் பொய் சொல்லவில்லை என்றே நான் கருதுகிறேன். அறிவிப்பு அனுப்பப்பட்டது உண்மை. அது பயன்படும் வடிவில் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிவது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

கணினி அமைப்புகளை மனிதர் எளிதிற் கையாளும்படி வடிவமைப்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் திரையையும் பொத்தானையும் எழுத்தின் அளவையும் பற்றி எழுதுகின்றனர். அவை தேவையானவையே. ஆயினும் அந்தக் கலையின் கடுமையான தேர்வு அலுவலக மேசையில் நடப்பதில்லை. மழை கொட்டும் விடியற்காலையில், மின்சாரம் இல்லாத மலைச்சரிவில், எழுத்தறிவு குறைந்த ஒரு முதியவர் வீட்டை விட்டு வெளியேறுவதா இல்லையா என்று முடிவெடுக்கும் கணத்தில் நடக்கிறது. இன்றைய எச்சரிக்கை என்பது முழுக்க முழுக்கக் கணினி அமைப்பு. மழையை அளப்பது கருவி, கணக்கிடுவது கணினி, செய்தியைக் கொண்டு செல்வது தொலைபேசி வலையமைப்பு. அதன் கடைசிப் பயனாளி அந்த முதியவர்.

ஒரு சிறு விளக்கு

இத்துறையின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் விபத்து ஒன்றுண்டு. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறையிலிருந்த விளக்கோ அது மூடிவிட்டதாகக் காட்டிற்று. காரணம் எளியது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. 'மூடு' என்ற கட்டளை அனுப்பப்பட்டதை மட்டுமே காட்டியது. கட்டளை போயிற்று, விளக்கு அணைந்தது, வால்வு திறந்தே கிடந்தது. முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அபாய ஒலிகள் எழுந்தன. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்தறிய இயக்குநர்களால் முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் ஒரு பகுதி உருகியது.

முதலில் இயக்குநர்களின் தவறு என்று பேசப்பட்டது. பின்னர் அந்தக் கட்டுப்பாட்டறைகளை ஆராய அழைக்கப்பட்டவர்களில் உளவியலாளர் டொனால்ட் நோர்மனும் ஒருவர். மனிதரைத் தவறிழைக்கத் தூண்டுவதற்கென்றே வடிவமைத்திருந்தாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது என்பதே அவர் கண்ட முடிவின் சாரம். 1988இல் அன்றாடப் பொருட்களின் உளவியல் பற்றி அவர் எழுதிய நூல் இன்று கணினி வடிவமைப்பாளர்களுக்குப் பால பாடம். ஓர் அமைப்பு தன் உண்மை நிலையைப் பயனாளிக்கு எப்போதும் தெரிவித்துக்கொண்டிருக்க வேண்டும், பயனாளியின் உலகத்து மொழியிற் பேச வேண்டும் என்ற விதிகள் 1994இல் ஜேக்கப் நீல்சன் தொகுத்த பத்து நெறிகளுள் முதலிரண்டாக அமைந்தன.

மீரியபெத்தவின் கோப்பில் எரிந்துகொண்டிருந்ததும் அதே விளக்குத்தான். 2005இல் அறிவித்தாயிற்று, 2011இல் மீண்டும் அறிவித்தாயிற்று. அலுவலகக் கோப்பு கட்டளை போனதைக் காட்டியது. மலையடிவாரத்தில் மக்கள் இன்னும் குடியிருக்கின்றனர் என்பதைக் காட்டுவதற்கு அந்தக் கோப்பில் இடமிருக்கவில்லை.

செய்தி மேசை அறிந்த பாடம்

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதிய சிக்கலன்று. டெலெக்ஸ் இயந்திரம் இருந்த காலத்தில், செய்தி அனுப்புமுன் 'நீ யார்?' என்று கேட்கும் விசை ஒன்றை அழுத்துவோம். மறுமுனையிலுள்ள இயந்திரம் தன் அடையாளத்தைத் தானாகவே அச்சிட்டுத் திருப்பி அனுப்பும். செய்தி முடிந்ததும் மீண்டும் ஒருமுறை கேட்போம். இரண்டு பதில்களும் காகிதத்திற் பதிந்திருந்தால், தொடக்கம் முதல் இறுதி வரை சரியான இயந்திரத்தோடுதான் பேசினோம் என்பது உறுதி. பிரதேச நிருபர்கள் தொலைபேசியில் செய்தி சொல்லும்போதும் இதே முறைதான். எழுதியெடுத்த துணை ஆசிரியர் பெயர்களையும் எண்களையும் திருப்பி வாசித்துக் காட்டுவார். நிருபர் சரியென்று சொன்ன பின்னரே தொலைபேசியை வைப்பார். செய்தி நிறுவனங்களின் தொலையச்சு இயந்திரம் அவசரச் செய்திக்கு மணியடிக்கும். எத்தனை மணி என்பதிலிருந்தே அவசரத்தின் அளவை அறையிலிருப்போர் உணர்ந்துகொள்வர்.

இவை யாவும் கணினிக்கு முற்பட்ட ஏற்பாடுகள். ஆயினும் நல்ல கணினி வடிவமைப்புக்கு வேண்டிய இரண்டு பண்புகள் அவற்றில் இருந்தன. பெற்றவர் பெற்றதாகச் சொல்ல வேண்டும். அவசரமானது அவசரமற்றதிலிருந்து ஒலியாலேயே வேறுபட வேண்டும்.

ஆழிப்பேரலைக்குப் பின்

இலங்கையில் அனர்த்த எச்சரிக்கைக் கணினிமயமான கதை 2004 டிசம்பர் 26ஆம் திகதியோடு தொடங்குகிறது. அன்று ஆழிப்பேரலை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கையரைக் கொண்டு சென்றது. அலை கிழக்குக் கரையை அடைந்த பின்னும், தெற்கையும் மேற்கையும் அடைவதற்கு நேரமிருந்தது. சொல்வதற்கு வழியிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அதன் பின் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் பிறந்தது. காலப்போக்கில் கடற்கரையோரமாக 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுப்பப்பட்டன.

அதே நாட்களில் கொழும்பின் கணினி இளைஞர்கள் செய்த காரியம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவு செய்வதற்கு 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை அவர்கள் சில வாரங்களில் உருவாக்கினர். 2005ஆம் ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006ஆம் ஆண்டு பிலிப்பைன்சின் தெற்கு லெய்த்தே மண்சரிவிலும் அது பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது.

இன்னொரு முயற்சி அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனினும் நம் பொருளுக்கு அதுவே நெருக்கமானது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் சர்வோதய இயக்கத்தோடு சேர்ந்து, அலையால் பாதிக்கப்பட்ட 32 கரையோரக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆய்வு மையம் நிதியளித்தது. மொரட்டுவையில் ஒரு தகவல் மையம். அங்கிருந்து கிராமங்களுக்கு ஐந்து வகைக் கருவிகளின் வழியே எச்சரிக்கை. செய்மதி வானொலி, கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி, கைத்தொலைபேசி, ஒலியெழுப்பும் அபாயக் கருவி, இணையம் என எது எவ்வளவு விரைவாகவும் பிழையின்றியும் கொண்டு சேர்க்கிறது என்று அளந்து பார்த்தனர். ஒவ்வொரு கிராமத்திலும் கருவியைக் காத்துச் செய்தியைப் பெறுவதற்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருந்தார். பெற்றதை ஊருக்குச் சொல்லி வெளியேற்றுவதற்கு வேறொருவர் இருந்தார். இயந்திரத்தின் வேலை வாசலோடு முடிகிறது, வாசலுக்கு உள்ளே மனிதர் வேண்டும் என்பதை அந்தச் சோதனையின் அமைப்பே ஒப்புக்கொண்டிருந்தது.

அவர்கள் பயன்படுத்திய செய்தி வடிவம் 'பொது எச்சரிக்கை நெறிமுறை' எனப்படும் உலகத் தரம். 2004இல் வகுக்கப்பட்டு, 2007இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தாலும் ஏற்கப்பட்டது. அதன் உள்ளமைப்பைத் தமிழ் வாசகர் அறிந்திருத்தல் நன்று. எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம் என்ற மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பியாக வேண்டும். ஒரே செய்திக்குள் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பகுதி வைக்கலாம். அதாவது தமிழுக்குரிய இருக்கை 2004ஆம் ஆண்டிலேயே போடப்பட்டுவிட்டது. அதில் யாரை உட்கார வைப்பது என்பது மட்டுமே நம்மவர் கையில் இருந்தது.

2009ஆம் ஆண்டில் டயலொக் நிறுவனம், மொரட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுகூடம், மைக்ரோஇமேஜ் ஆகியவை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு இணைந்து ஓர் அவசர எச்சரிக்கை வலையமைப்பைத் தொடக்கி வைத்தன. கைத்தொலைபேசிகளுக்குச் செய்தி அனுப்புவதோடு, பொது இடங்களில் வைப்பதற்கான அபாயக் கருவியும் அதன் பகுதியாக இருந்தது. ஒலியும் ஒளியும் எழுப்பும் அந்தக் கருவியில், 'செய்தி கிடைத்தது' என்று திருப்பி அறிவிக்கும் வசதியும் வைக்கப்பட்டிருந்தது. டெலெக்ஸ் காலத்துப் பதில் விசை மறுபிறவி எடுத்தது போல.

ஆக, 2014இல் மீரியபெத்த சரிந்தபோது இந்நாட்டில் அறிவுக்குப் பஞ்சமிருக்கவில்லை. கரையோரத்துக்கு என்ன வேண்டும் என்று அளந்து பார்த்தவர்கள் இருந்தனர். மலையகத்துக்கு என்ன வேண்டும் என்ற கேள்விதான் உரிய இடத்தில் கேட்கப்படவில்லை.

மலையில் ஏற்கனவே இருந்தவை

தேயிலைத் தோட்டத்தில் செய்தி பரப்பும் ஏற்பாடு இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. விடியுமுன் தப்பு முழங்கும், தொழிலாளர் பெரட்டுக் களத்தில் கூடுவர், கணக்கப்பிள்ளையும் கங்காணியும் எந்த மலையில் என்ன வேலை என்று அறிவிப்பர், பெயர் பதியப்படும். ஒரு மணி நேரத்துக்குள் தோட்டம் முழுவதற்கும் கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். யார் வந்தார், யார் வரவில்லை என்ற கணக்கும் மேலே திரும்பிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்திலிருந்து வளர்ந்து வந்த இந்த ஏற்பாடு, செய்தியைக் கொண்டு செல்வதிலும் பதிலைப் பெறுவதிலும் மிகத் திறமையானது. கொழுந்துக்காகவும் கூலிக்காகவும் அது இயங்கிற்று.

மழையும் தோட்டங்களில் அளக்கப்பட்டே வந்தது. துரைமார் காலந்தொட்டு நாள்தோறும் மழைமானியைப் பார்த்துப் பேரேட்டில் எழுதுவது தோட்ட அலுவலகத்தின் வழக்கம். மலைநாட்டின் மழைப் பதிவுகளிற் பெரும் பங்கு தோட்டங்களின் பெயரிலேயே உள்ளது. கொழுந்து எப்படித் துளிர்க்கும், உரம் எப்போது இடலாம் என்று கணிப்பதற்கு அந்த எண் பயன்பட்டது. மழையை அளந்து ஆட்சி நடத்துவது பழைய பழக்கம்தான். களஞ்சியத்தின் முன் மழைநீர்க் கிண்ணம் வைக்க வேண்டும் என்கிறது அர்த்த சாஸ்திரம். 1440களில் கொரியாவின் சேஜோங் மன்னர் ஒரே அளவுள்ள மழைமானிகளை நாடெங்கும் அனுப்பினார். அறுவடையைக் கணிக்கப் பிறந்த கருவியை உயிரைக் காக்கும் கருவியாக மாற்றுவதற்கு, எண்ணின் பொருளை லயத்தில் வாழ்வோரிடம் சொன்னால் போதும்.

அப்பொருள் கடினமானதுமன்று. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் வெளியேற ஆயத்தம். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ உடனடி வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கையாளும் வரம்புகள் இவை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்கள். 150 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 150 லீற்றர் நீர். அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள எந்தப் பாத்திரத்தையும் வெட்டவெளியில் வைத்து, உள்ளே தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் அளவு. மூன்று நிறக் கோடுகள் வரைந்த ஒரு தெளிவான குடுவையைப் படிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை, மொழியும் வேண்டியதில்லை. மாவட்டம் முழுவதற்கும் விடுக்கப்படும் அறிவிப்பு எந்த மலை என்று சொல்லாது. லயத்தின் வாசலிலுள்ள குடுவை அந்த மலையின் மழையையே சொல்லும்.

எழுபது இடங்கள்

கைத்தொலைபேசி வந்த பின் மொழிச் சிக்கல் புதிய உருவம் எடுத்தது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுந்தகவலுக்கு 160 இடங்கள் உண்டு. தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் ஒருங்குறி முறைக்கு மாற வேண்டும். அப்போது 70 இடங்களே மிஞ்சும். அதிலும் தமிழின் உயிர்மெய் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் எடுக்கும். மெய்யைக் குறிக்கும் புள்ளிக்குத் தனி இடம். 'வு' என்ற ஓரெழுத்துக்கு இரண்டு இடம். 'மண்சரிவு அபாயம், உடனே வெளியேறுங்கள்' என்ற நான்கு சொற்களை எண்ணிப் பாருங்கள். இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்து 35 இடங்கள் ஆகிவிடும். எந்தத் தோட்டம், எங்கே போவது, யாரை அழைப்பது என்பதற்கெல்லாம் மீதியுள்ள 35 இடங்கள். பழைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது. கட்டம் கட்டமாக விழும். விளைவாக, அவசரச் செய்தி ஆங்கிலத்திலோ ஆங்கில எழுத்திலோ போவது வழக்கமாயிற்று. அனுப்புவோருக்கு அது எளிது. பெறுவோர் யார் என்று எண்ணிப் பார்க்காத எளிமை அது.

செய்தியின் நீளத்தை ஒரு பொறியியல் வரம்பு என்று சொல்லி நழுவலாம். எந்த மொழி முதலில் தட்டச்சாகிறது, எது மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கிறது என்பது பொறியியல் விடயம் அன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எச்சரிக்கைப் பணியில் அந்தச் சட்டத்தின் பொருள் நிமிடங்களிலேயே அளக்கப்பட வேண்டும். மூன்று மொழி வார்ப்புகளையும் அமைதியான காலத்திலேயே எழுதி, சரிபார்த்து, கணினியில் இட்டு வைத்துவிட்டால், அவசர நேரத்தில் நிரப்ப வேண்டியது இடப்பெயரும் நிறமும் மட்டுமே. 2018 ஜனவரி 13ஆம் திகதி ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருவதாக ஒரு பொய்யெச்சரிக்கை தொலைபேசிகளுக்குப் போனது. திருத்தம் போக 38 நிமிடங்கள் ஆயின. அபாயச் செய்திக்கு ஆயத்த வார்ப்பு இருந்தது. அது தவறு என்று சொல்வதற்கு வார்ப்பு இருக்கவில்லை. வளம் மிக்க நாட்டிலும் முன்கூட்டி எழுதி வைக்கப்படாத வாக்கியம் தாமதமாகவே வரும்.

கேட்டவர் செய்யக்கூடியது என்ன?

இவை எல்லாம் சரியாக இருந்து, 2014இல் தெளிவான தமிழில், உரிய நேரத்தில், ஒவ்வொரு லயத்துக்கும் செய்தி போயிருந்தாலும் இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. அவர்கள் எங்கே போயிருப்பார்கள்?

லயம் தொழிலாளியின் சொத்தன்று, காணியும் அவருடையதன்று. மலையடியில் எந்த இடத்தில் லயன் வரிசை கட்டுவது என்று முடிவு செய்தவர்கள் அதில் குடியிருந்தவர்கள் அல்லர். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை முழுமையாகத் திரும்ப 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த சமூகம் அது. ஆபத்தென்று கேள்விப்பட்டதும் வேறிடத்தில் காணி வாங்கி வீடு கட்டுவது அவர்களுக்கு இயலாத காரியம். ஒரு நாள் மட்டும் ஒதுங்கி நிற்பதற்கும் விலையுண்டு. பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. சிவப்பு எச்சரிக்கை நாளில் வேலையை நிறுத்துவது யார் பொறுப்பு, அன்றைய கூலியைத் தருவது யார் என்பது எழுதப்படாதவரை, 'வெளியேறுங்கள்' என்பது பாதிக் கட்டளையே. மறுமுனையில் வால்வு இல்லாத இடத்துக்கு 'மூடு' என்று அனுப்புவதற்கு அது ஒப்பானது.

அனர்த்தத்தின் பின்னரும் பதிவின் குறை தொடர்ந்தது. எத்தனை பேர் புதைந்தனர் என்று முதல் நாட்களில் ஒருவராலும் சொல்ல இயலவில்லை. இருநூறு, முந்நூறு என்று எழுந்த எண்ணிக்கை நூறாக இறங்கி, பின்னர் முப்பதுகளில் நின்றது. காணாமற்போனோரைக் கணக்கெடுக்கும் மென்பொருளை உலகுக்கு அளித்த நாட்டில், ஒரு தோட்டப் பிரிவில் வாழ்ந்தோரின் நம்பகமான பட்டியல் மலைக்கு வெளியே இருக்கவில்லை. எஞ்சியோர் முதலிற் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. பதினொரு ஆண்டுகளுக்கு முன், 2005ஆம் ஆண்டு அறிவிப்போடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டிய பதில் அது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு பத்தே முக்கால் மணியளவில் கேரளத்தின் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களும் தேயிலைத் தோட்டத் தமிழர். கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டோர் அவர்களில் பலர். அவர்களும் லயங்களிலேயே வாழ்ந்தனர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்திருந்தமையால், நடந்தது வெளியுலகுக்குத் தெரிய மறுநாட் காலையாயிற்று. கோபுரம் இயங்காத இடத்தில் கைத்தொலைபேசி எச்சரிக்கைக்கும் பயனில்லை, உதவி கேட்கவும் வழியில்லை. ஒரு வழி அறுந்தால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று 32 கரையோரக் கிராமங்களில் ஐந்து கருவிகளை வைத்துப் பார்த்ததன் காரணம் இங்கே விளங்கும். தப்பும் ஒரு கருவிதான். அதற்கு மின்சாரம் வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகளால் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பேரிழப்பைச் சந்தித்தன. எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாகவும் குறைவாகவும் வந்தன என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. மீரியபெத்தவுக்குப் பின் பதினொரு ஆண்டுகள் கடந்திருந்தன. தானியங்கி மழைமானிகள் பெருகியிருந்தன. கையிலுள்ள தொலைபேசிகளில் தமிழ் அழகாகத் தெரிந்தது. எழுபது இடங்கள் என்ற சாக்கும் காலாவதியாகிவிட்டது.

இத்துறையில் இருப்போர் தமிழ் வாசகர்களிடையே உலகெங்கும் உள்ளனர். மென்பொருள் எழுதுவோர், வலையமைப்பு நடத்துவோர், அரச பணியில் இருப்போர் எனப் பலர் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் முன் ஒரு சிறு விண்ணப்பம். எச்சரிக்கை அமைப்பின் பதிவேட்டில் அனுப்பிய நேரம் என்ற நிரல் எப்போதும் இருக்கும். அதன் பக்கத்தில் இன்னும் நான்கு நிரல்கள் வேண்டும். பெற்றுக்கொண்டவர் யார்? எந்த மொழியில் பெற்றார்? எத்தனை பேர் வெளியேறினர்? எங்கே தங்கியிருக்கின்றனர்? இந்த நான்கும் நிரம்பும் வரை அந்த எச்சரிக்கை 'முடிந்தது' என்று கணினி காட்டக் கூடாது. மாவட்டச் செயலகத்தின் திரையில் அது சிவப்பாகவே எரிந்துகொண்டிருக்க வேண்டும். இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. பெரட்டுக் களத்தில் ஒவ்வொரு காலையும் பெயர் கூப்பிட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளும் கணக்கப்பிள்ளைக்கு இந்த முறை நூறாண்டுகளாகத் தெரியும்.

ஊவா மலைகளில் ஒக்டோபர், நவம்பர் மழை ஆண்டுதோறும் வரும். ஆபத்தான சரிவுகளின் வரைபடங்கள் அலுவலகங்களில் உள்ளன. அந்த வரைபடங்களின் கீழ் வாழும் ஒவ்வொரு லயத்துக்கும் மேற்சொன்ன நான்கு நிரல்களையும் இப்போதே ஒருமுறை நிரப்பிப் பார்க்கலாம். நிரப்ப முடியாமல் வெறுமையாக நிற்கும் கட்டங்கள் எவையோ, அடுத்த மீரியபெத்த அங்கேதான் இருக்கிறது.